கட்டளைகள் போதாதா? கிறிஸ்தவத்தில் சட்டமும் கிருபையும்

பத்துக் கட்டளைகளையும் ஒன்று தவறாமல் கடைப்பிடித்தால் ஒரு கிறிஸ்தவருக்கு மோட்சம் உறுதிதானே? காவிரி டெல்டாவில் கிறிஸ்தவக் குடும்பங்களோடு ஒரே தெருவில் வளர்ந்த பிற சமயத்தார் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வரும் கிறிஸ்தவர்களைக் கேட்டாலும் பலர் ஆமாம் என்பார்கள். பைபிளின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு சொல்லும் விடை வேறு. கட்டளைகளைக் கடைப்பிடித்து எவரும் கடவுள்முன் நீதிமான் ஆகிவிட முடியாது என்று அது திட்டவட்டமாகச் சொல்கிறது. இந்த ஒரு முடிச்சு அவிழாதவரை கிறிஸ்தவம் வெறும் நல்லொழுக்கப் போதனையாகவே தோன்றும். பைபிளை இதுவரை திறந்தே பார்க்காத வாசகரை மனத்தில் வைத்து, சட்டம் எதுவரை போகும், கிருபை எங்கே தொடங்குகிறது என்று இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

சீர்திருத்தச் சபையார், அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், நியாயப்பிரமாணம், கிருபை என்பார்கள். கத்தோலிக்கர் திருச்சட்டம், அருள் என்பார்கள். இரண்டும் ஒன்றே. இந்தக் கட்டுரையில் சட்டம், கிருபை என்றே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பைபிளின் முதற்பகுதியான பழைய ஏற்பாட்டின் தொடக்கத்தில் உள்ள ஐந்து நூல்களை யூதர்கள் தோரா என்கிறார்கள். அவற்றில் 613 கட்டளைகள் இருப்பதாக யூத மரபு எண்ணிச் சொல்கிறது. எதை உண்ணலாம், எந்த நாளில் ஓய்வெடுக்க வேண்டும், எந்தப் பலியை எப்படிச் செலுத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைத் திரும்பிப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் அயலானுக்கும் விட்டுவிடு என்ற கட்டளை அங்கேதான் இருக்கிறது. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்ற கட்டளையும் அதே அதிகாரத்தில்தான். வயலும் களமும் தெரிந்தவர்கள் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு மனிதநேயமுள்ள சட்டத்தை எவரும் குறைத்துப் பேச மாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களைக் கடவுள் முதலில் விடுவித்தார். சீனாய் மலையில் கட்டளைகளைக் கொடுத்தது அதற்குப் பிறகுதான். இதை ஒழுங்காகச் செய்தால் விடுதலை தருகிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை. பத்துக் கட்டளைகளின் முதல் வாக்கியமே "உன்னை அடிமைத்தன வீட்டிலிருந்து கொண்டுவந்த கடவுள் நான்" என்ற பொருளில்தான் தொடங்குகிறது. யூத சமயம் கிருபை அறியாத வறட்டுச் சட்டம் என்று சில பிரசங்கிகள் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அது உண்மை இல்லை. பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீதங்களிலேயே நீளமான 119ஆம் சங்கீதம், 176 வசனங்களிலும் சட்டத்தைக் காதலித்துப் பாடுகிறது.

அப்படியானால் சட்டத்தின் எல்லை எது?

உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் ஒரு சாபம் வருகிறது: பிறனுடைய எல்லைக்குறியை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன். டெல்டாக்காரர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. நடவுக்கு முன் அண்டை வெட்டி வரப்பைச் சீராக்கும்போது, மண்வெட்டியைச் சற்றே உள்தள்ளிப் போட்டால் போதும், நான்கு விரற்கடை நிலம் கூடிவிடும். ஆண்டுதோறும் இது நடந்தால், இருவர் எதிரெதிரே வந்து விலகி நடந்த வரப்பில் ஒருவர் கால்வைக்கவும் இடமிருக்காது. பக்கத்து வயல்காரர் மனுக் கொடுப்பார். சர்வேயர் புலப்படத்தோடு வந்து அளப்பார், கல் நடுவார். யார் பக்கம் எத்தனை அடி போயிருக்கிறது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிடும். சட்டத்தின் வேலையும் இதுதான். எல்லையைக் காட்டும், மீறியவரைக் காட்டும், இழந்தவருக்குத் துணை நிற்கும். இது இல்லாவிட்டால் ஊரில் வலுத்தவன் வைத்ததுதான் வரப்பு. ஆனால் மண்வெட்டி பிடித்தவரின் ஆசையை எந்தச் சங்கிலியாலும் அளக்க முடியாது. கல் நட்ட மறுநாளே அவர் பார்வை எதிர்ப்பக்கத்து வரப்பின்மேல் விழுந்தால், சட்டம் இன்னொரு மனுவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் பவுல் தடுக்கி நின்றார். புதிய ஏற்பாட்டின் பல கடிதங்களை எழுதிய பவுல் சாதாரண ஆள் இல்லை. கமாலியேல் என்னும் பெயர்பெற்ற ஆசானிடம் சட்டம் கற்றவர்; சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினரான பரிசேயரில் ஒருவர். சட்டம் கேட்கும் நீதியைப் பொறுத்தவரை குற்றமற்றவனாக இருந்தேன் என்று தன்னைப் பற்றிச் சொல்லக்கூடியவர். கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகியவற்றை விலக்கும் கட்டளைகள் வெளிச்செயலைப் பற்றியவை. மனவுறுதி உள்ளவர் அவற்றைக் காத்துக்கொள்ளலாம். பத்தாவது கட்டளையோ பிறனுடைய வீட்டையும் மாட்டையும் மனைவியையும் இச்சிக்காதே என்கிறது. இச்சையை எந்தக் கையால் பிடித்து நிறுத்துவது? ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 7ஆம் அதிகாரத்தில் பவுல் இந்தக் கட்டளையைத்தான் எடுத்துக்கொள்கிறார். இச்சிக்காதே என்று சட்டம் சொன்ன பிறகே இச்சை என்னவென்று தெரிந்தது, தெரிந்தபின் அது அடங்கவில்லை, இன்னும் கிளர்ந்தது என்கிறார். "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்ற வரி அங்கேதான் வருகிறது. குடியை விட முயன்று தோற்ற எவரிடமும் இந்த வரியைப் படித்துக் காட்டிப் பாருங்கள்.

சட்டம் கெட்டது என்று பவுல் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது பரிசுத்தமானது, நீதியானது, நன்மையானது என்றே அதே அதிகாரத்தில் எழுதுகிறார். பாவத்தைப் பாவம் என்று அறியச் செய்யும் சட்டத்துக்கு, அதிலிருந்து மனிதனைத் தூக்கிவிடும் வலிமை இல்லை. அவர் வாதம் இவ்வளவுதான்.

சட்டத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை மீறுகிறவரைவிடக் கடைப்பிடிக்கிறவருக்கே அது அதிகம். லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையில் ஒரு பரிசேயரும் வரி தண்டும் ஆயக்காரர் ஒருவரும் ஆலயத்தில் நிற்கிறார்கள். வாரத்தில் இரண்டு முறை நோன்பு இருக்கிறேன், வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுக்கிறேன், அந்த ஆயக்காரனைப்போல் இல்லாததற்கு நன்றி என்று பரிசேயர் வேண்டுகிறார். அவர் சொன்ன எதுவும் பொய் இல்லை. மற்றவரோ தலை நிமிராமல், பாவியான எனக்கு இரங்கும் என்கிறார். நீதிமானாக வீடு திரும்பியவர் இரண்டாமவர் என்று இயேசு முடிக்கிறார்.

இனி கிருபை. தகுதி பாராமல், ஈட்டாமல், விலை கொடுக்காமல் கடவுள் தாமே முன்வந்து தரும் தயவு என்று அதைச் சொல்லலாம். இயேசுவின் சிலுவைச் சாவிலும் உயிர்த்தெழுதலிலும் அந்தத் தயவு உலகுக்கு வந்தது என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. எபேசியருக்கு எழுதிய கடிதம் இதைச் சுருக்கமாக, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது. இலக்கணம் இவ்வளவே. ஆனால் கிருபை உறைக்க வேண்டுமானால் மத்தேயு 20ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும்.

திராட்சத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களை அழைத்து வருகிறார். ஒன்பது மணிக்கும் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் மறுபடி போய் நிற்பவர்களை அழைக்கிறார். மாலை ஐந்து மணிக்கும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை" என்கிறார்கள். அவர்களும் தோட்டத்துக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்ததும் கடைசியில் வந்தவர்களிலிருந்து கூலி கொடுக்கப்படுகிறது. ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கும் ஒரு தெனாரியம். வெயிலில் நாள் முழுதும் உழைத்தவருக்கும் ஒரு தெனாரியம்.

காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நடவு வயலில் குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுதும் நாற்று ஊன்றிய பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னால் அவரும் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. கதையும் அதை மறைக்கவில்லை. ஆனால் ஐந்து மணிவரை யாரும் அழைக்காமல் நின்றவர்கள் யாராக இருப்பார்கள்? வயதானவர், இளைத்தவர், கால் ஊனமானவர், வேலைக்கு ஆகாது என்று காலையிலிருந்து ஒதுக்கப்பட்டவர். ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பம் அன்று உண்பதற்கான தொகை. மணிக்கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் அவர்கள் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்திருக்காது. பேசிய கூலியில் யாருக்கும் குறைவு வைக்காமல், தகுதிக்கு மேல் கொடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்கிறார் தோட்டக்காரர். கடவுளின் அரசு இப்படி இருக்கிறது என்கிறார் இயேசு.

இந்தக் கதையைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். கொடுத்ததை வாங்கிக்கொள், கேள்வி கேட்காதே என்று உழைப்பாளியின் வாயை அடைக்க இதைத் தூக்கிப் பிடித்தால் அது பெரும் பாவம். கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் இரவில், கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட மண் இது. இங்கே கிருபையைப் பற்றிப் பேசுகிறவர், கூலி நீதியின் கணக்கைக் கிருபை அழித்துவிடாது என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். உங்கள் வயல்களை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபின் கடிதம் நிலக்காரர்களைக் கண்டிக்கிறது. நான் புரிந்துகொண்டவரையில், சட்டத்தின் எல்லை என்று பவுல் பேசுவது கடவுள்முன் நான் நிற்கும் நிலையைப் பற்றியது. பிறருக்கு நான் கொடுக்க வேண்டிய நீதியில் சட்டம் ஒரு முழம்கூடப் பின்வாங்குவதில்லை.

கிருபை உண்மையாகவே நம்பப்படுகிறதா என்பது பந்தியில் தெரிந்துவிடும். ஆதித் திருச்சபையில் முதல் பெரிய சண்டையே இதைப் பற்றித்தான். யூதரல்லாதவர் கிறிஸ்தவராக வேண்டுமானால் முதலில் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனம் செய்து மோசேயின் சட்டத்துக்கு, அதாவது தோராவுக்கு, உட்பட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. ஏறத்தாழ கி.பி. 49இல் எருசலேமில் கூடிய சங்கம் வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. ஆனால் அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு உட்கார்ந்து உண்டுவந்த இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார். எல்லாரையும் ஒரே கிருபை ஏற்றுக்கொண்டதென்றால், உன்னோடு உண்ண மாட்டேன் என்று சொல்ல எவருக்கும் இடமில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம்.

தஞ்சைக் கிறிஸ்தவர்கள் இந்தப் பகுதியைக் குனிந்த தலையோடுதான் படிக்க முடியும். இங்குள்ள பழைய மிஷன் சபைகளில் சாதி பார்த்துத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டு விலகினார்கள். இரட்சிப்பு இலவசம் என்று பாடிக்கொண்டே பக்கத்தில் உட்காருவதற்குப் பிறப்புத் தகுதி கேட்டால், கிருபை பாட்டோடு நின்றுவிட்டது என்றுதான் பொருள். இந்தக் கதை முற்றிலும் பழங்கதையாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; கல்லறைத் தோட்டங்களில் நடுச்சுவர் உள்ள ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

கிருபையில் மனிதனின் பங்கு எவ்வளவு? இந்தக் கேள்வி டெல்டா வாசகர்களுக்குப் புதிதல்ல. திருவரங்கம் சார்ந்த வைணவ மரபில் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் நியாயத்தை வடகலையாரும், தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியின் நியாயத்தைத் தென்கலையாரும் சொல்வதை இங்கே பலர் கேட்டிருப்பார்கள். கிறிஸ்தவத்தில் இதையொத்த விவாதம் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. பெலேஜியுஸ் என்ற துறவி, மனிதன் தன் விருப்புறுதியாலேயே கட்டளைகளைக் காக்க முடியும் என்றார். இவர் குட்டியின் பிடியையும் தாண்டி, அது தானே நடந்துபோகும் என்று சொன்னவர். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் அதை மறுத்து, நன்மையை விரும்புவதற்கே கிருபை வேண்டும் என்றார். 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலேஜியுஸின் போதனையைத் தள்ளியது. 529இல் ஓரான்ஜ் நகரில் கூடிய சங்கம், விசுவாசத்தின் முதல் அசைவும் கிருபையால்தான் என்றது. இதற்குப் பிறகும் எந்த அளவில் மனிதன் இசைகிறான் என்ற விவாதம் ஓயவில்லை.

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் அதை மறுபடி பற்றவைத்தார். நோன்பு, தவம், பாவசங்கீர்த்தனம் என்று துறவற ஒழுங்குகள் அனைத்தையும் கைக்கொண்டும் மன அமைதி கிடைக்காத துறவி அவர். ரோமர் கடிதத்தைப் படித்தபோது, கடவுளின் நீதி என்பது மனிதனை அளந்து தண்டிக்கும் கோல் அன்று, விசுவாசத்தால் பெற்றுக்கொள்ளும் கொடை என்று கண்டார். 1517இல் தொடங்கிய அந்தச் சீர்திருத்தம், 1706ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கியது. டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் வந்து சேர்ந்த நாள் அது. லூத்தரின் சிறிய ஞானோபதேசம் என்னும் சமயப் பாடநூலைத் தமிழாக்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டையும் தமிழாக்கினார். தரங்கம்பாடி அச்சகத்தில் அது 1715இல் அச்சேறி முடிந்தது. ரோமர் 7ஆம் அதிகாரத்தின் புலம்பலைத் தமிழர்கள் அச்சில் படித்தது அப்போதுதான்.

கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து பொதுச்சங்கத்தின் வழியாக 1547இல் தன் விடையைச் சொன்னது. கிருபையின்றி எவரும் மீட்படைவதில்லை; ஆயினும் அந்தக் கிருபையோடு மனிதன் ஒத்துழைக்கிறான், அது அவனை உள்ளுக்குள் உண்மையாகவே மாற்றுகிறது என்றது. பல நூற்றாண்டுகள் இரு தரப்பும் ஒன்றையொன்று சபித்த பிறகு, 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதி எதனாலும் இன்றிக் கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்து அதில் அறிக்கையிட்டார்கள். எல்லா வேற்றுமையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அடித்தளம் ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் இறுதியில் காவியுடுத்தி நடந்துபோகும் ஆயிரக்கணக்கானவர்கள் செய்வது என்ன? மொட்டையடிக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், குணமான உறுப்பின் உருவத்தை வாங்கிக் காணிக்கை செலுத்துகிறார்கள். இது கிருபைக்கு விலை கொடுப்பது ஆகாதா என்று சீர்திருத்தச் சபையார் கேட்பதுண்டு. கத்தோலிக்கப் போதனைப்படி நேர்த்திக்கடன் விலை ஆகாது. கிடைத்ததற்கு நன்றியாகவோ கடவுள்முன் தன்னை ஒப்படைப்பதாகவோ அதைச் செய்ய வேண்டும். நடைமுறையில் சிலர் மனத்தில் அது கொடுக்கல் வாங்கலாக மாறிவிடுவதும் உண்மை. ஆனால் கொப்புளம் வெடித்த காலோடு நடக்கும் ஒரு தாயைப் பார்த்து, நீ கிருபையை விலைக்கு வாங்கப் பார்க்கிறாய் என்று சொல்ல எவருக்கும் தகுதி இருப்பதாக நான் நினைக்கவில்லை. அதே கொடுக்கல் வாங்கல், நான் வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தைத் தவறாமல் கொடுக்கிறேன், எனக்கு ஏன் இந்த நோய் என்று கேட்கும் சீர்திருத்தச் சபையார் மனத்திலும் இருக்கிறது.

எல்லாம் இலவசம் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமே என்ற கேள்வி வாசகருக்கு இந்நேரம் எழுந்திருக்கும். பவுலிடமும் கேட்டார்கள். கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைநிற்கலாமா என்று ரோமர் 6ஆம் அதிகாரத்தில் அவரே கேட்டு, கூடவே கூடாது என்கிறார். இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த விளக்கம் லூக்கா 19இல் வரும் சகேயுவின் கதை. சகேயு ஆயக்காரருக்குத் தலைவர். ஊரை ஏய்த்துச் சேர்த்த செல்வம். இயேசுவைப் பார்க்க அத்திமரத்தில் ஏறியிருந்தவரிடம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று இயேசு சொல்லவில்லை. இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்குகிறேன் என்றார். ஊர் முணுமுணுத்தது. சகேயுவோ எழுந்து நின்று, என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஒருவனை ஏய்த்து வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றார்.

எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்பினால் போதும். அதாவது நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. சகேயு நானூறு என்கிறார். அத்தனை காலம் அந்தச் சட்டத்தை அறிந்திருந்தும் ஒரு காசு திருப்பாத மனிதர், வீடு தேடி வந்த ஒருவரோடு பந்தியில் அமர்ந்ததும் சட்டம் கேட்டதற்குப் பல மடங்கு கொடுக்கிறார். கிருபை வந்த இடத்தில் சட்டம் தளர்ந்துபோகவில்லை. அது கேட்டது நிறைவேறி, அதற்கு மேலும் போயிற்று. செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். நற்செயல் கிருபைக்கு முன்பணம் இல்லை. ஆனால் கிருபையைப் பெற்றுக்கொண்டேன் என்பவரிடம் அது காணப்படவே இல்லையென்றால், அவர் எதைப் பெற்றார் என்று கேட்க யாக்கோபுக்கு உரிமை உண்டு.

மேலே படிக்க விரும்புவோர் ரோமர் கடிதத்தில் தொடங்க வேண்டாம். அது அடர்த்தியானது, பாதியில் களைத்துவிடுவீர்கள். லூக்கா 15, 18, 19 அதிகாரங்களைக் கதைகளாகப் படியுங்கள். பிறகு கலாத்தியர் கடிதம்: ஆறே அதிகாரங்கள், ஒரே அமர்வில் படித்துவிடலாம், பவுலின் கோபமும் கண்ணீரும் அதில் ஆறாமல் இருக்கின்றன. அதன்பின் யாக்கோபின் ஐந்து அதிகாரங்கள். இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றினால் ரோமர் கடிதத்தைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.